கனகவல்லி மறுப்புத் தெரிவிக்கவில்லை

எங்கள் பணிமனையின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. ராணுவ வண்டிகளைப் பிரித்துப் பழுதுபார்த்து மறுபடி மாட்டும் இடம். தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கி எந்த ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் வாசலில் கொண்டுவந்து விடுவார். உள்ளே இப்போது எத்தனை வண்டி நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார். ரகசியமெல்லாம் எங்களுக்கு மட்டும்தான். நான் அங்கே எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் முப்பத்தோரு வருடமாகக் குமாஸ்தா. பெயர் பாஸ்கர். யார் பணியில் இருக்கிறார், யார் இல்லை என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அந்த ஒரு வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற ஜூன் மாதம் நீலா நியமன உத்தரவோடு என் மேஜை முன்னால் வந்து நின்றாள். இருபத்தாறு வயது, தாபோடியில் வளர்ந்த பெண். கிரேன் ஓட்டும் சான்றிதழ் வாங்கி, நாற்பது பேர் எழுதிய தேர்வில் முதலாவதாக வந்தவள். ஆறாம் கூடத்தின் கூரைக்கடியில் ஓடும் பத்து டன் கிரேனுக்கு ஆபரேட்டர். உத்தரவில் ஒரே நிபந்தனை: மார்ச் முப்பத்தொன்றுக்குள் அவள் பெயரில் முந்நூறு மணி நேரம் கிரேன் ஓட்டியதாகப் பதிவாக வேண்டும். ஆகாவிட்டால் அன்று மாலை ஐந்து மணியோடு வேலை போய்விடும்.

"அங்கிள், ஜாயினிங் எங்க போடணும்?" என்றாள். தமிழ் முகத்தைப் பார்த்ததும் சார் போய் அங்கிள் வந்துவிட்டது.

பதிவேட்டைத் திறந்தேன். பெண் கிரேன் ஆபரேட்டர், அனுமதிக்கப்பட்ட இடம் ஒன்று. பணியில் இருப்பவர் ஒருவர். காலியிடம் இல்லை.

"இடம் காலி இல்லையேம்மா."

"அரே, அப்புறம் என்னை எதுக்கு எடுத்தாங்க?"

"எடுத்தது வேற செக்‌ஷன்."

"இப்ப யாரு இருக்காங்க?"

"கனகவல்லின்னு ஒருத்தங்க."

"நான் அவங்களைப் பாக்கலாமா?"

பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. சைட்டில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவள் மறுபடி வந்தாள். போனை நீட்டினாள். மறுமுனையில் அவள் அம்மா தர்மாம்பாள். முப்பது வருடம் தாபோடியில் இருந்தும் திருநெல்வேலி பேச்சு மாறாதவர்.

"பாஸ்கர் சாரா? எந்தக் கனகவல்லியச் சொல்லுதிய? எங்க பக்கத்து லைன்ல கடைசி வீட்டுல இருந்தாளே, அவளா? அவ செத்து பதினோரு வருசம் ஆச்சுல்லா! மேல ஏறி உக்காந்தா பொம்பளைக்கு எறங்கிப் போக ஒரு எடம் கெடையாதுன்னு, பச்சத் தண்ணி குடிக்காம கெடந்து கெடந்து, கிட்னி கெட்டுத்தான போனா. ஒங்க ஆபீஸ்ல இருந்து பெரிய மால கொண்டாந்தாவளே. நீங்களும் வந்தியளே!"

வந்திருந்தேன். மாலையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனவனே நான்தான்.

நடந்தது இதுதான். கனகவல்லி இறந்த வாரம் டெல்லிக்குச் சமத்துவ அறிக்கை போக வேண்டியிருந்தது. தொழில்நுட்பப் பணியில் பெண்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. எப்போதும் ஒன்று என்று எழுதுவோம். பூஜ்யம் எழுதினால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் எழுதக் கமிட்டி போட வேண்டும். கமிட்டியில் ஒரு பெண் இருக்க வேண்டும். இருந்த ஒரு பெண்ணும் இறந்துவிட்டதால் கமிட்டி போட வழியில்லை. "இந்த ஒரு மாசம் மட்டும் அப்படியே இருக்கட்டும் பாஸ்கர்" என்றார்கள். மேலே போன இறப்புச் சான்றிதழ் கீழே வரவில்லை. கனகவல்லி தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். வருகைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்தை நான் போட்டேன். ஒரு மாதம்தானே என்று போட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, இறந்த பிறகு அவரைப் போல ஓர் ஊழியர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாள் விடுப்பு இல்லை. ஒரு நாள் தாமதம் இல்லை. இரண்டு முறை பதவி உயர்வு பெற்றார். ஆறாம் கூடத்தின் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று உயிரோடு இருந்தபோது ஒன்பது மனு கொடுத்திருந்தார். இறந்த மூன்றாம் வருடம் அதுவும் கிடைத்தது. வெள்ளை ஓடு பதித்த நல்ல கழிப்பறை. கனகவல்லி பயன்படுத்துவதற்காக என்று உத்தரவில் இருந்ததால், கனகவல்லி கையெழுத்துப் போட்டால்தான் சாவி தருவார்கள். எனவே அது புத்தம் புதிதாகப் பூட்டியே இருந்தது.

நீலா போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் ஃபைலைப் பார்த்தேன். "கமிட்டிக்கு எழுதிக் கொடும்மா" என்றேன்.

மகளிர் சமத்துவக் குழுவுக்குத் தலைவர் விஸ்வேஸ்வரன். துணைப் பொது மேலாளர். பாணேரில் பதினாலாவது மாடியில் வீடு. சமத்துவம் பற்றி அவர் பேசினால் அவருக்கே கண் கலங்கும். குழுவில் ஆறு ஆண்களும் கனகவல்லியும். கனகவல்லியின் நாற்காலி காலியாக இருக்கும். அதற்கு முன்னால் மட்டும் தினம் மாற்றிய தண்ணீர் கிளாஸ் மூடிவைத்திருக்கும். நான் நிகழ்ச்சிக் குறிப்பு எழுத ஓரத்தில் உட்காருவேன்.

"உட்காரும்மா" என்றார் விஸ்வேஸ்வரன். உட்கார வேறு நாற்காலி இல்லை. நீலா நின்றாள்.

"ஒரு பெண்ணோட குறையைக் கேக்க ஆறு ஆம்பளைங்க லஞ்ச் டைமை விட்டுட்டு வந்திருக்கோம். எந்த ஆபீஸ்ல நடக்கும் இது? பெண்கள்னா எங்களுக்கு அவ்வளவு மரியாதை. கனகவல்லி அம்மாவையே எடுத்துக்கோ. இத்தனை வருஷத்துல ஒரு புகார் உண்டா? ஒரு முகச்சுளிப்பு உண்டா? கல்யாணம், பிரசவம், குழந்தைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் கேட்டிருக்காங்களா? பெண்கள் இப்படி இருந்தா நூறு பேரைக்கூட எடுக்கலாம்."

"சார், அவங்க செத்துட்டாங்க."

"அது அவங்க பர்சனல் விஷயம். அதுல குழு தலையிடாது."

நீலா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஆறு முகங்களும் அமைதியாக இருந்தன. இங்கே பைத்தியம் தானா, அவர்களா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. "நான் கிரேன் ஓட்டணும் சார். எனக்கு முந்நூறு மணி நேரம் வேணும். அவ்வளவுதான்" என்றாள்.

"ஓட்டேன்! யாரு வேண்டாம்னா? ஒரு பெண் முன்னேறதை நாங்க தடுப்போமா?"

ஒரு மணி நேரம் விவாதித்து முடிவெடுத்தார்கள். நீலா கிரேனை ஓட்டலாம். ஆனால் பதவியில் இருப்பவர் கனகவல்லி என்பதால் கனகவல்லியின் சார்பில் ஓட்ட வேண்டும். கிரேன் ஓடிய நேரத்தை எழுதும் லாக் புத்தகத்தில் கனகவல்லி என்றே கையெழுத்திட வேண்டும். பணி நேரம் பதவியில் இருப்பவர் பெயரில் பதிவாகும். தவறு ஏதேனும் நேர்ந்தால் மட்டும், அப்போது கிரேனை இயக்கியவர் பெயரில் பதிவாகும். முடிவை வாசித்துவிட்டு விஸ்வேஸ்வரன் காலி நாற்காலியின் பக்கம் திரும்பி மரியாதையாகச் சில விநாடி காத்திருந்தார். பிறகு என்னிடம், "எழுதிக்கோங்க பாஸ்கர். திருமதி கனகவல்லி மறுப்புத் தெரிவிக்கவில்லை" என்றார். நான் எழுதினேன்.

"இது நடக்கிற காரியமா அங்கிள்?" என்றாள் நீலா வெளியே வந்ததும்.

"முதல்ல உள்ள நுழைஞ்சிரும்மா. அப்புறம் பாத்துக்கலாம்." எனக்கும் பதினோரு வருடம் முன்னால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள்.

அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும். எழுத்து அவ்வளவாக வராது. கனகவல்லியின் கையெழுத்தை நான்தான் அவளுக்குப் பழக்கினேன். முதல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, கடைசி எழுத்தின் சுழியை இழுத்துக் கீழே விடவேண்டும். இரண்டு நாளில் என்னைவிட நன்றாகப் போட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. இனி அந்தக் கையெழுத்தாவது ஒரு பெண்ணின் கையெழுத்தாக இருக்கும் என்று நினைத்தேன். கழிப்பறைச் சாவியும் அந்தக் கையெழுத்தால் அவளுக்குக் கிடைத்தது.

ஆறாம் கூடத்தில் கீழே நின்று சைகை கொடுப்பவர் கெய்க்வாட். கிரேன் ஆபரேட்டர் கட்டுப்படுவது அவர் கைச் சைகைக்கு மட்டும்தான். பொது மேலாளரே வந்து கத்தினாலும் கொக்கி அசையக்கூடாது என்பது விதி. கெய்க்வாட் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். தினமும் காலையில் நீலா ஏணியில் கால் வைக்கும் முன்பே அவர் தலையைத் தூக்கி, காலியாக இருக்கும் கேபினைப் பார்த்து, "நமஸ்கார் வஹினி" என்பார். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. கனகவல்லி இருந்த பதினான்கு வருடமும் அப்படித்தான் சொல்லிவந்தார். இறந்த பிறகும் நிறுத்தவில்லை.

அக்டோபரில் கனகவல்லியின் கையெழுத்து அவசரமாகத் தேவைப்பட்டது; அதைப் போடுவதை நான் விட்டுவிட்டதால் மேலே ஏறினேன். நாற்பத்திரண்டு படி. எனக்கு இரண்டாவது மாடி பால்கனியே ஆகாது. ஒருவழியாக ஏறிக் கேபினுக்குள் தலையை நீட்டினால், முன் கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. முப்பது நாற்பது இருக்கும். சிவப்பு வெளுத்து மண் நிறமாகிவிட்டது. வேர்வையில் கழன்று வருவதை எடுத்துக் கனகவல்லி ஒட்டி வைத்திருப்பார்.

"எடுத்துப் போட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"எப்படி அங்கிள் எடுக்கறது? அவங்களோடது."

அவள் ஆசனத்தில் இடது ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அகலமான ஆசனம். வலது பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் சும்மா இருந்தது. ஏன் அப்படி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள்.

"காலைல நான் வந்து தொடும்போதே லிவர் கைப்பிடி சூடா இருக்கு அங்கிள். யாரோ இப்பத்தான் கை எடுத்த மாதிரி. மொதல்ல பயமா இருந்துச்சு. இப்ப பயம் இல்ல. ஆனா யாராவது நீலான்னு கூப்பிட்டா சட்டுனு திரும்ப மாட்டேங்கிறேன். கனகான்னா திரும்பிடறேன்."

அவள் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினேன். உயரத்துக்குத்தான் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் பணிமனை நாள் விழா. சிறந்த பெண் ஊழியர் விருது, வழக்கம்போல, திருமதி கனகவல்லிக்கு. மற்ற வருடங்களில் "பணி நிமித்தம் வர இயலவில்லை" என்று மைக்கில் அறிவிப்பார்கள். இந்த வருடம் நீலாவை மேடையேற்றினார்கள். விஸ்வேஸ்வரன் சால்வை போர்த்தி, "உயரத்தைத் தொட்ட பெண். அங்கேயே இருந்துவிட்ட பெண்" என்றார். நானூறு பேர் கைதட்டினோம். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டிருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஜனவரியில் நீலா மணிக்கணக்கைக் கேட்டு வந்தாள். நான் லாக் புத்தகத்தைப் பார்த்துக் கூட்டிச் சொன்னேன். கனகவல்லி, இருநூற்று நாற்பத்தொரு மணி நேரம். நீலா, பூஜ்யம்.

"மார்ச் முடிய இன்னும் ரெண்டரை மாசம்தான் அங்கிள். இந்த வேலை போனா எனக்கு வேற கிரேன் யாரு குடுப்பா? எங்க போனாலும் ரிசப்ஷன்ல உக்காருன்னுதான் சொல்வாங்க. நான் மேல போகணும்." அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபத்தில் லாக் புத்தகத்தை மூடித் தள்ளினாள்.

"மனு குடு" என்றேன். எங்கள் பணிமனையில் மனு என்பது குடிநீர்க் குழாய்க்குப் பதினாலு மாதம், மின்விசிறிக்கு இரண்டு வருடம்.

அந்த வாரம்தான் கொக்கி ஒரு காலி டிரம்மில் உரசியது. சேதம் ஒன்றுமில்லை, டிரம் உருண்டு போய்ச் சுவரில் நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்குள் மெமோ வந்துவிட்டது. குற்றம் சாட்டுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. அச்சடித்த படிவம்: இன்ன தேதியில், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை, ஆறாம் கூடத்துக் கிரேனை இயக்கிக்கொண்டிருந்த நீலா ஆகிய நீங்கள். கீழே விஸ்வேஸ்வரனின் கையெழுத்து, முத்திரை. நடவடிக்கை, எச்சரிக்கை.

நீலா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு என் மேஜையில் விரித்து வைத்து ஒரு வரியைக் காட்டினாள்.

"அங்கிள், இதுல என் பேர் இருக்கு. ஓட்டினது நான்னு இருக்கு. மணியும் போட்டிருக்கு."

"ஆமா. தப்பு உன் பேர்லதானே வரும்."

"அப்போ தப்பு பண்ணினா நான் ஓட்டினேன்னு ஆகுமா?"

முப்பத்தோரு வருட சர்வீஸில் எனக்குத் தோன்றாதது அந்தப் பெண்ணுக்கு அரை நிமிடத்தில் தோன்றிவிட்டது. விதிப் புத்தகத்தை எடுத்தோம். கேபினுக்குள் உண்பதும் பருகுவதும் குற்றம். எச்சரிக்கை என்பது தண்டனைப் பட்டியலில் சேராது. நூறு எச்சரிக்கை வாங்கினாலும் வேலை நிரந்தரமாவதைத் தடுக்காது. இதைத் தேடிக் கொடுத்தது மட்டும் நான்.

அன்று மாலையே அவள் முதல் குற்ற ஒப்புதலைக் கொடுத்தாள். ஜூன் பதினெட்டாம் தேதி காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கிரேனை இயக்கியபோது நான் தண்ணீர் குடித்தேன். மறுநாள் மெமோ வந்தது. பிறகு ஜூன் பத்தொன்பது, இருபது. தினம் நான்கைந்து ஒப்புதல். ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கு இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டார்கள். ஒரு பெண் ஊழியர் நூறு நாளுக்கு மேல் பணியில் தண்ணீர் குடித்திருக்கிறாள் என்பது அவர்களைக் கொதிப்படைய வைத்தது. ஒவ்வொன்றிலும் விஸ்வேஸ்வரன் வெறியோடு கையெழுத்திட்டார். "இந்தத் தலைமுறைக்குக் கட்டுப்பாடே கிடையாது பாஸ்கர். கனகவல்லி ஒரு சொட்டு குடிச்சிருப்பாங்களா?" என்றார்.

"குடிக்கல சார்" என்றேன்.

மார்ச் இருபதாம் தேதி நூற்று நான்கு மெமோக்களையும் நூலில் கோத்து, நிரந்தரம் கேட்டு நீலா விண்ணப்பம் வைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் துணைப் பொது மேலாளரின் சொந்தக் கையெழுத்தும் முத்திரையும் சாட்சி.

குழு கூடியது. ஆறு பேரும் மெமோக்களைக் கை மாற்றிப் புரட்டினார்கள். கடைசியில் விஸ்வேஸ்வரன் பேசினார். "கிரேன் ஒண்ணு. கேபின் ஒண்ணு. இந்தப் பொண்ணு ஓட்டியிருந்தா, அதே நேரம் கனகவல்லி எப்படி ஓட்டியிருக்க முடியும்? ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலைக்கு வரலை. இந்தப் பொண்ணு வந்ததுக்கு நூத்தி நாலு ஆதாரம் இருக்கு. அப்போ இவ்வளவு நாளா நம்மளை ஏமாத்தினது யாரு?"

எல்லோரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நம்பினோம்!" என்றார் விஸ்வேஸ்வரன். அவருக்கு நிஜமாகவே வருத்தம். "விருது குடுத்தோம். புரமோஷன் குடுத்தோம். ஒரு பெண்ணுங்கிறதுக்காக எவ்வளவு செஞ்சோம்!"

அனுமதியின்றிப் பணிக்கு வராமலிருந்ததாகக் கனகவல்லி மேல் குற்றப்பத்திரிகை போனது. தாபோடிக்குப் போன பதிவுத் தபாலைப் பெறுநர் காலமாகிவிட்டார் என்று எழுதித் தபால்காரர் திருப்பி அனுப்பினார். ஊழியர் காலமானதைச் சொல்லத் தபால் துறைக்கு அதிகாரமில்லை என்று ஃபைலில் குறிப்பெழுதினார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மார்ச் முப்பத்தொன்று மாலை நான்கு மணிக்கு விஸ்வேஸ்வரன் எங்கள் இருவரையும் அழைத்தார். மேஜையில் இரண்டு உத்தரவு. ஒன்று கனகவல்லியின் பணிநீக்கம். ஒழுக்கக் குறைவு காரணமாக என்று இருந்தது. மற்றொன்று நீலாவின் நிரந்தர நியமனம்.

"சிம்பிள்" என்றார். "இதை கனகவல்லி வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து வேணும். வாங்கினாத்தான் அமலாகும். அமலானாத்தான் இடம் காலி. காலியானாத்தான் உன் ஆர்டர். ஒன்பது மாசமா அந்தக் கையெழுத்தைப் போடறது நீதானே? போட்டுடும்மா. அஞ்சு மணிக்குள்ள."

நீலா அந்த உத்தரவை எடுத்துப் படித்தாள். ஆங்கிலம்தான், அவளுக்கு நன்றாகவே புரியும்.

"வேலைக்கு வரலைன்னு போட்டிருக்கீங்க."

"வரலையே."

"செத்துப்போனதுனால வரல சார். உசிரோட இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட வராம இல்ல. தண்ணி குடிக்காம வந்தாங்க." அவள் உத்தரவை மேஜையில் வைத்தாள். "செத்தவங்களை எப்படி சார் வெளிய துரத்துவீங்க? அதுவும் என் கையால?"

"இஷ்டம் இல்லேன்னா விடு. அஞ்சு மணிக்கு உன் சர்வீஸ் முடியும். அவங்க அப்படியே இருக்கட்டும். இதுவரைக்கும் மறுப்புத் தெரிவிக்காதவங்க, இனிமேலும் தெரிவிக்க மாட்டாங்க."

சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து. அந்தப் பெண் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. போட்டுவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன், வெட்கமில்லாமல். அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேலே, குற்றம் சாட்டப்பட்டவர் விளக்கம் ஏதேனும் இருந்தால் எழுதலாம் என்று ஒரு காலியிடம் விட்டிருக்கும். அங்கே யாரும் எதுவும் எழுதிப் பார்த்ததில்லை. நீலா தமிழில், குழந்தைகள் எழுதுவது போல ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

நான் பதினோரு வருடம் முன்னால் இறந்துவிட்டேன். அதனால் வேலைக்கு வர முடியவில்லை. என்னை விட்டுவிடவும்.

கீழே கனகவல்லி என்று கையெழுத்திட்டு, கடைசிச் சுழியை இழுத்து விட்டாள். காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வந்த காகிதத்தில் பெறப்பட்டது என்று முத்திரை குத்துவது என் வேலை. குத்தினால் அது ஃபைலாகிவிடும், குத்தாவிட்டால் வெறும் தாள். முத்திரை என் பையில் இருந்தது. எடுத்தேன். குத்தினேன். தேதியும் நேரமும் போட்டேன்.

விஸ்வேஸ்வரன் அதை வாங்கிப் படித்தார். தமிழை மெல்லத்தான் படிப்பார். முடித்தபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. பயந்துவிட்டார்.

"இது யார் எழுதினது?"

"கையெழுத்து ஒத்துப்போகுது சார்."

"யார் எழுதினதுன்னு கேட்டேன் பாஸ்கர்."

"கனகவல்லி சார். பதினோரு வருஷமா நாம எல்லாரும் அப்படித்தானே சொல்லிட்டிருக்கோம்."

அந்தக் கையெழுத்து பொய் என்றால் லாக் புத்தகம் பொய், வருகைப் பதிவேடு பொய், பதினோரு வருட நிகழ்ச்சிக் குறிப்பு பொய், விருதும் பொய். அவர் ஏசியைக் குறைத்தார், மறுபடி கூட்டினார். காலி நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் போல அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஓரத்தில் எழுதினார்: விளக்கம் ஏற்கப்பட்டது. பணிநீக்கம் ரத்து. மறைவு காரணமாக இடம் காலி.

நான்கு நாற்பதுக்கு இரங்கல் கூட்டம். பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும் என்பதால் இரண்டு நிமிட மௌனத்தை ஒன்றாகக் குறைத்தார்கள். விஸ்வேஸ்வரன் பேசினார். தைரியம் திரும்பியிருந்தது. "கடமை தவறாத பெண்மணி. தன் மரணத்தைக்கூட உரிய வழியில், எழுத்து மூலமாக, சற்றுத் தாமதமாக என்றாலும், நிர்வாகத்துக்குத் தெரிவித்த முன்மாதிரி ஊழியர். இன்றைய பெண்கள் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்." கெய்க்வாட் பின்வரிசையில் நின்று கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் கழித்து அவருக்கு அழ அனுமதி கிடைத்திருந்தது. நீலாவின் உத்தரவு நான்கு ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்தானது. அன்று டெல்லிக்குப் போன அறிக்கையில் தொழில்நுட்பப் பணியில் பெண்கள் ஒன்று என்றே எழுதினேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அது உண்மை.

மறுநாள் மாலை ஆறாம் கூடத்து லாக் புத்தகம் என் மேஜைக்கு வந்தது. ஆபரேட்டர் கட்டத்தில், தமிழில் ஒரு பெரிய 'க' எழுதி அடித்திருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் நீலாவின் பெயர். முதல் நாள், பழக்கம் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் 'க'. மூன்றாம் நாள் அடிக்கும் முன்னால் இரண்டெழுத்து கூடுதலாகப் போயிருந்தது. அவளைக் கூப்பிட்டனுப்பினேன்.

"கை தானா போகுது அங்கிள்" என்றாள். "பாத்துப் பாத்துத்தான் எழுதறேன். இருந்தாலும் போகுது."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கையெழுத்தை அவளுக்குப் பழக்கியவன் நான். பதிவேட்டில் அடித்தல் இருந்தால், அடித்தவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. அதை மட்டும் சொல்லிப் பேனாவை நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டு, குனிந்து, எழுதப்போய் நிறுத்தினாள்.

"யார் பேர்ல போடணும் அங்கிள்?" என்று கேட்டாள்.